காட்ஸில்லா பொம்மை வாங்கப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் மதிப்பிடுவது எப்படி

சென்னையிலோ மதுரையிலோ இருந்துகொண்டு ஜப்பானிலிருந்து ஒரு காட்ஸில்லா ஆக்‌ஷன் ஃபிகரை வரவழைக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடையில் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்கும் வாய்ப்பு நமக்கு அநேகமாகக் கிடையாது. நான்கைந்து படங்களையும் இரண்டு வரி விவரத்தையும் நம்பித்தான் பத்தாயிரம், பதினைந்தாயிரம் என்று கட்டுகிறோம். படத்தில் எதைப் பார்க்க வேண்டும், விற்பவரிடம் என்ன கேட்க வேண்டும், சுங்கத்தில் என்ன காகிதம் கேட்பார்கள் என்பதையெல்லாம் முட்டி மோதித்தான் தெரிந்துகொண்டேன். புதிதாக வருகிறவர்கள் அந்த அலைச்சல் பட வேண்டாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொம்மை நல்ல நிலையில் இருக்கிறதா, விலை நியாயமா என்ற கேள்விகளெல்லாம் அப்புறம். அது எந்தப் பதிப்பு என்பதுதான் முதல் கேள்வி. இந்த வரிசையை மாற்றினால் மற்ற எல்லாக் கணக்கும் தப்பாகிவிடும்.

1. எந்தப் பதிப்பு என்று உறுதிசெய்யுங்கள்

முதல் காட்ஸில்லா படம் 1954இல் வந்தது. அதற்குப் பிறகு வந்த படங்களில் உருவம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. தலையின் அளவு, முதுகுத் தகடுகளின் வடிவம், வாலின் நீளம், தோலின் நிறம் எதுவும் ஒன்றுபோல் இருக்காது. அதனால் சேகரிப்பாளர்கள் "காட்ஸில்லா" என்று மொட்டையாகச் சொல்வதில்லை. ஆண்டோடு சேர்த்துத்தான் சொல்வார்கள்.

இப்போது பெரும்பாலானவர்கள் தொடங்குவது ஜப்பானின் பண்டாய் குழுமத்தைச் சேர்ந்த தமாஷி நேஷன்ஸ் பிரிவு வெளியிடும் எஸ்.எச். மான்ஸ்டர்ஆர்ட்ஸ் வரிசையில். கை, கால், கழுத்து, வால் எல்லாம் மூட்டு மூட்டாக அசையும். உயரம் பெரும்பாலும் 15 முதல் 20 சென்டிமீட்டருக்குள். இந்தக் கட்டுரையில் நான் அதிகம் பேசப்போவது இந்த வரிசையைப் பற்றித்தான்.

இதில் பெயர்கள் காட்ஸில்லா 1954, காட்ஸில்லா 1989, காட்ஸில்லா 2016, காட்ஸில்லா 2019, காட்ஸில்லா 2023 என்று வரும். அந்த ஆண்டு படம் வந்த ஆண்டு. பொம்மை தயாரித்த ஆண்டு அல்ல. "1954 காட்ஸில்லா, அரிய பழைய பொருள்" என்று யாராவது இந்த வரிசைப் பொம்மையை விற்றால் நம்ப வேண்டாம். இந்த வரிசையே 2011இல் தொடங்கியதுதான்.

அடுத்த சிக்கல், ஒரே ஆண்டுக்குள் பல பதிப்புகள். 2016 உருவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரணப் பதிப்பு கருப்பும் சிவப்பும் கலந்தது. ஊதா ஒளி பாய்வதுபோல் நிறம் தீட்டிய பதிப்பு ஒன்று உண்டு. உறைந்த நிலையைக் காட்டும் பதிப்பு ஒன்றும் உண்டு. உடல் அச்சு ஒன்றேதான். நிறமும் கூட வரும் பாகங்களும் வேறு. சில பதிப்புகள் கடைகளில் பரவலாக வந்தவை. சில, நிறுவனத்தின் சொந்த இணையக் கடையில் குறிப்பிட்ட காலத்துக்குள் பதிவு செய்தவர்களுக்கு மட்டும் கிடைத்தவை. இவற்றுக்குள் விலை வித்தியாசம் சில சமயம் இரண்டு மடங்கைத் தாண்டும். சாதாரணப் பதிப்பை மற்றதன் விலைக்கு வாங்கிவிடுவது மிகச் சுலபம்.

உறுதிசெய்ய இரண்டு வழி. முதலாவது, தமாஷி நேஷன்ஸ் தளம். ஒவ்வொரு பொம்மைக்கும் தனிப் பக்கம் இருக்கிறது: படங்கள், வெளியான மாதம், வரியோடு சேர்த்த ஜப்பான் விலை, பெட்டிக்குள் என்னென்ன வரும் என்ற பட்டியல். அந்தப் பக்கத்தைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் எல்லாப் படிகளிலும் அது தேவைப்படும். இரண்டாவது, பெட்டியில் உள்ள பார்கோடு. ஜப்பான் பொருள்களில் 13 இலக்க எண் 45 அல்லது 49 என்று தொடங்கும். விற்பவரிடம் பார்கோடு தெரியும்படி ஒரு படம் கேட்டு, அந்த எண்ணை அப்படியே தேடுங்கள். எந்தப் பதிப்பு என்பது அங்கேயே தெரிந்துவிடும். பெயரை நம்புவதைவிட எண்ணை நம்புவது எப்போதும் மேல்.

2. அளவையும் வகையையும் தவறாகப் புரிந்துகொள்ளாதீர்கள்

மற்ற நிறுவனங்களின் பொம்மைகளைப் பார்க்கிறவர்களுக்கு இது முக்கியம். அமெரிக்காவின் நெக்கா நிறுவனம் 12 அங்குலம் என்று போடுவது தலையிலிருந்து வால் நுனி வரையிலான நீளம். நிற்கும் உயரம் ஏறக்குறைய அதில் பாதிதான். 24 அங்குலம் என்று வந்த 2014 காட்ஸில்லாவுக்கும் இதே கணக்கு.

எக்ஸ்-பிளஸ் நிறுவனத்தின் பெரிய காட்ஸில்லாக்கள் பார்க்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் அவை வினைல் சிலைகள். விருப்பப்படி கை காலை மடக்கி நிறுத்த முடியாது. அதே அச்சில் ஷோனென் ரிக் கடைக்கென்று தனியாக வரும் பதிப்பில் கூடுதலாக ஏதாவது ஒரு பாகமோ விளக்கோ இருக்கும், விலையும் ஏறும். பண்டாயின் மூவி மான்ஸ்டர் சீரீஸ் சிறிய வினைல் பொம்மைகள். விலை குறைவு, குழந்தைகளும் விளையாடலாம். சேகரிப்பாளர்கள் அதில் அட்டைக் குறிச்சீட்டு ஒட்டியபடி இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

1960கள், 70களின் மாருசான், புல்மார்க் வினைல் பொம்மைகள் என்று சொல்லி வரும் விளம்பரங்களைப் புதியவர்கள் இப்போதைக்குத் தொடாமல் இருப்பதே நல்லது. அவற்றுக்கு மறுபதிப்புகள் நிறைய. படத்தை மட்டும் பார்த்து அசலைப் பிரித்தறியப் பல வருடப் பழக்கம் வேண்டும். மேட்டல் 1977இல் வெளியிட்ட ஷோகன் வாரியர்ஸ் காட்ஸில்லாவும் அப்படித்தான். ஏறத்தாழ இருபது அங்குலம் உயரம், கை முஷ்டி பாய்ந்து போகும். பாய்ந்து போன முஷ்டி தொலைந்துபோனவைதான் சந்தையில் அதிகம்.

3. போலியைக் கண்டுபிடியுங்கள்

எஸ்.எச். மான்ஸ்டர்ஆர்ட்ஸ் வரிசைக்குப் போலிகள் உண்டு. குறிப்பாக 2016, 2019 உருவங்களை நகலெடுத்துத் தள்ளியிருக்கிறார்கள். நம் ஊர் இணையக் கடைகளில் 2,000, 3,000 ரூபாய்க்குப் பார்ப்பவை அநேகமாக அவைதான். ஜப்பானில் கடை விலையே அதைவிட மிக அதிகம் என்பதைத் தமாஷி நேஷன்ஸ் பக்கத்தில் நீங்களே பார்க்கலாம். சுங்கமும் கட்டி அனுப்புச் செலவும் செய்து அதற்கும் குறைவாக யாரும் அசலை விற்க முடியாது. விலையே முதல் சாட்சி.

"சீனாவில் தயாரிக்கப்பட்டது" என்று இருந்தால் போலி என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. அசலில் பெரும்பாலானவை சீனாவில்தான் தயாராகின்றன. அந்த வரியை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

பார்க்க வேண்டியது இவை. பாதத்தின் அடியிலோ வாலின் அடிப்பகுதியிலோ காட்ஸில்லாவின் உரிமையாளரான டோஹோ நிறுவனத்தின் உரிமைக் குறி பொறித்திருக்கும். போலியில் அது இல்லாமல் இருக்கும், அல்லது எழுத்து உருகினாற்போல் மழுங்கியிருக்கும். பெட்டியில் சிறு எழுத்துகள் கூர்மையாக இருக்கிறதா பாருங்கள். படத்தைப் பெரிதாக்கும்போது எழுத்தின் விளிம்பு கலங்கித் தெரிந்தால் அது ஸ்கேன் செய்து அச்சிட்ட பெட்டி. நிறமும் காட்டிக்கொடுக்கும். அசலில் தோலின் மடிப்புக்குள் கருமையும் மேட்டில் சற்று வெளிர் நிறமும் துடைத்துவிட்டதுபோல் மெதுவாகக் கலந்திருக்கும். போலியில் ஒரே பூச்சு, எண்ணெய் தடவியதுபோல் பளபளப்பு. பற்களைப் பாருங்கள்: அசலில் ஒவ்வொரு பல்லும் தனித்தனியாக நிறம் பெற்றிருக்கும், போலியில் வெள்ளை ஈறின் மேலும் வழிந்திருக்கும். கைக்கு வந்த பிறகு தெரியும் இன்னொரு அடையாளம், பெயின்ட் தின்னர்போல் மூக்கைத் துளைக்கும் வாடை.

வட அமெரிக்காவில் முன்பு விற்ற பெட்டிகளில் ப்ளூஃபின் என்ற விநியோகஸ்தரின் ஒட்டி இருக்கும். ஜப்பானில் விற்றதில் அது இருக்காது. ஒட்டி இல்லை என்பதற்காக அசலை ஒதுக்கிவிட வேண்டாம்.

இன்னொன்று. விளம்பரத்தில் நிறுவனத்தின் அதிகாரபூர்வப் படங்கள் மட்டுமே இருந்தால் விற்பவரிடம் உண்மைப் படம் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் அதோடு விட்டுவிடுங்கள்.

4. நிலையைப் படத்திலிருந்தே படியுங்கள்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். பொம்மையின் உண்மையான மதிப்பு இங்கேதான் முடிவாகிறது.

ஜப்பான் விளம்பரங்களில் திரும்பத் திரும்ப வரும் சில சொற்களைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஷின்பின் என்றால் புதியது. மிகாய்ஃபு என்றால் பிரிக்காதது. சூகோ என்றால் பழையது. கெப்பின் என்றால் ஏதோ ஒரு பாகம் இல்லை. ஹாகோ நாஷி என்றால் பெட்டி இல்லை. ஜங்க் என்று போட்டிருந்தால் உடைந்திருக்கலாம், குறைந்திருக்கலாம், திருப்பித் தர முடியாது என்று பொருள். உலாவியின் மொழிபெயர்ப்பு சில சமயம் கெப்பின் என்பதைத் தெளிவில்லாமல் தரும். அந்தச் சொல் வருகிறதா என்று தனியாகப் பாருங்கள்.

ஜப்பானின் அமிஅமி கடை பழைய பொருள்களுக்குப் பொம்மைக்கு ஒரு தரம், பெட்டிக்கு ஒரு தரம் என்று தனித்தனியாகப் போடுகிறது. பொம்மை ஏ, பெட்டி பி என்றால் பொம்மை கிட்டத்தட்டப் புதியது, பெட்டிதான் கொஞ்சம் அடிபட்டது. அலமாரியில் வைத்துப் பார்க்க வாங்குகிறவர்களுக்கு இதுதான் நல்ல பேரம். பெட்டி பி என்பதால் விலை இறங்கியிருக்கும். பொம்மையில் குறை இருக்காது. தோக்கியோவின் நகானோ பிராட்வேயில் பெரிய கடை வைத்திருக்கும் மண்டராகேயும் நிலையைக் குறித்தே விற்கிறது. ஏலத்திலும் தனிநபர் விற்பனையிலும்தான் நாமே கண்ணைத் தீட்டிக்கொள்ள வேண்டும்.

வாலிலிருந்து தலைக்குப் போகும் வரிசையில் பாருங்கள். முகம் கண்ணை இழுக்கும், மற்றதை மறக்கடிக்கும். அதனால் முகத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

வால் பல கண்ணிகளாகக் கோத்தது. ஒவ்வொரு கண்ணிக்கும் இடையில் உள்ள இடைவெளி ஒரே அளவாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு இடத்தில் மட்டும் இடைவெளி அகலமாகத் தெரிந்தால் அந்த மூட்டு முழுதாக உள்ளே போகவில்லை, அல்லது குழியின் விளிம்பு விரிசல் விட்டிருக்கிறது. முதலாவது அழுத்தினால் சரியாகும். இரண்டாவது சரியாகாது, வால் சொன்ன இடத்தில் நிற்காமல் தொங்கிக்கொண்டே இருக்கும். 2016 உருவத்துக்கு வால் மிக நீளம் என்பதால் இது அந்தப் பொம்மையில் பெரிய விஷயம்.

அடுத்து இடுப்பு, தொடை மூட்டுகள். பிளாஸ்டிக்கைத் தாங்க முடியாத அளவு முறுக்கினால் இழுபட்ட இடத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு விழும். கருப்புப் பொம்மையில் பளிச்சென்று தெரியும். சாம்பல் நிறத்தில் தோலின் வரியோடு வரியாக மறைந்துவிடும். அந்தக் கோடு இருந்தால் மூட்டு அடுத்த முறையோ அதற்கடுத்த முறையோ முறியப் போகிறது. தொடையின் உள்பக்கம் தெரியும்படி ஒரு படம் கேட்டு வாங்குங்கள். கைகளைத் தூக்கிய நிலையில் அக்குள் படமும் கேளுங்கள். மூட்டு உரசி நிறம் போயிருப்பது முதலில் அங்கேதான் தெரியும்.

முதுகுத் தகடுகளின் நுனிகள் வளைந்திருப்பது சகஜம். உள்ளே வைக்கும் பிளாஸ்டிக் தட்டு அழுத்தியே வளைந்துவிடும். வளைவு பெரிய குறை இல்லை. பி.வி.சி. பிளாஸ்டிக் என்பதால் வெந்நீரில் சற்று நேரம் காட்டி, நேராகப் பிடித்துக் குளிர்ந்த நீரில் வைத்தால் சரியாகிவிடும். நுனி முறிந்திருந்தால் அது வேறு கதை. வளைவையும் முறிவையும் படத்தில் பிரித்தறிய, பின்னால் வெளிச்சம் வரும்படி பக்கவாட்டில் எடுத்த படம் வேண்டும். முறிந்த நுனி தட்டையாக, நிறமில்லாமல் தெரியும்.

அப்புறம் பிசுபிசுப்பு. பி.வி.சி.யை இளக்கமாக வைத்திருக்கச் சேர்க்கும் வேதிப்பொருள் காலப்போக்கில் வெளியே கசிந்து மேலே படியும். வெகுநாள் பெட்டிக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்த பொம்மைகளுக்கு இது அதிகம். படத்தில் தோல் ஈரமாக இருப்பதுபோல் மின்னும், தூசி துடைத்தும் போகாததுபோல் ஒட்டியிருக்கும். வெதுவெதுப்பான நீரும் கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பும் போட்டு மென்மையாகக் கழுவினால் போகும். ஆனால் நம் ஊர் வெயிலுக்கு மறுபடியும் வரும். லேசாக இருந்தால் வாங்கலாம், விலையில் குறைத்துக் கேளுங்கள். கையில் ஒட்டும் அளவு என்றால் வேண்டாம்.

வெயில் பட்டு நிறம் மங்கியிருக்கிறதா என்பதற்குப் பொம்மையின் வலப்பக்கத்தையும் இடப்பக்கத்தையும் ஒரே படத்தில் ஒப்பிட்டால் போதும். ஜன்னலோரம் வைத்தவை ஒரு பக்கம் மட்டும் வெளுத்திருக்கும்.

கேட்க வேண்டிய படங்களை ஒரே செய்தியில் கேளுங்கள்: இரு பாதங்களின் அடி, வாலின் அடிப்பக்கம், தொடையின் உள்பக்கம், அக்குள், பின்வெளிச்சத்தில் முதுகுத் தகடுகள், வாயின் உள்பக்கம், பார்கோடு. துண்டு துண்டாகக் கேட்டால் விற்பவர்கள் சலித்துப்போய்ப் பதில் போடுவதை நிறுத்திவிடுகிறார்கள். ஜப்பானில் நமக்காக வாங்கி இங்கே அனுப்பும் இடைத்தரகுச் சேவை மூலம் ஏலத்தில் வாங்குகிறீர்கள் என்றால், உங்கள் கேள்வியை விற்பவருக்கு அவர்கள் அனுப்புவார்களா என்று முன்பே பாருங்கள். எல்லாச் சேவையும் அதைச் செய்வதில்லை.

5. பாகங்கள் எல்லாம் இருக்கின்றனவா

முதல் படியில் சேமித்த பக்கத்தை இப்போது எடுங்கள். மாற்றுக் கைகள், மாற்றுத் தலை, வாயிலிருந்து கதிர் பாய்வதைக் காட்டும் பாகம், தாங்கி என்று பொம்மைக்குப் பொம்மை வேறுபடும். விற்பவர் பரப்பி வைத்து எடுத்த படத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். தொலைந்த ஒரு பாகத்தைத் தனியாகத் தேடி வாங்குவது மிகக் கடினம். மோத்ரா போன்ற பறக்கும் அரக்கர்களுக்குத் தாங்கி இல்லையென்றால் காட்சிக்கே வைக்க முடியாது.

பெட்டியைப் பற்றி என் கருத்து: பின்னால் விற்கும் எண்ணம் இருந்தால் பெட்டியும் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தட்டும் கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் பெட்டி இல்லாததைத் தயங்காமல் வாங்கலாம். விலை நன்றாக இறங்கும், அனுப்புச் செலவும் குறையும்.

6. விலையை ஒப்பிடுங்கள்

கேட்கிற விலை வேறு, விற்ற விலை வேறு. ஒருவர் ஐம்பதாயிரம் என்று போட்டுவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்கலாம். அது விலை ஆகாது. இபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வடிகட்டி இருக்கிறது. ஜப்பானின் யாகூ ஏலத்திலும் முடிந்த ஏலங்களைப் பார்க்கலாம். அதே பதிப்பு, அதே நிலை, பெட்டியோடு அல்லது பெட்டியில்லாமல் என்று பிரித்துக் கடைசியாக விற்ற சிலவற்றை எழுதிக்கொள்ளுங்கள். மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் விட்டுவிட்டால் நடுவில் ஒரு விலை தெரியும்.

மறுவெளியீட்டைக் கவனியுங்கள். நல்ல வரவேற்பு உள்ள பொம்மைகளைப் பண்டாய் மறுபடியும் வெளியிடுவதுண்டு. அறிவிப்பு வந்ததும் பழையதன் விலை சரியும். உயர்ந்த விலைக்கு வாங்கும் முன் தமாஷி நேஷன்ஸ் தளத்தில் வரவிருக்கும் வெளியீடுகளை ஒரு முறை பாருங்கள். புதிதாக அறிவித்த பொம்மை என்றால் முன்பதிவிலேயே வாங்குவதுதான் சிக்கனம். அறிவிப்புக்கும் கைக்கு வருவதற்கும் இடையில் பல மாதங்கள் ஆகும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரிக்காத பொம்மையா, பிரித்ததா? முதல் பொம்மை வாங்குகிறவர்களுக்கு நான் பிரித்ததையே சொல்வேன், எல்லாப் பாகமும் இருந்து நிலையும் நன்றாக இருந்தால். பிரிக்காததற்குக் கூடுதல் விலை கொடுக்கிறோம். உள்ளே வால் மூட்டு எப்படி இருக்கிறது, பிசுபிசுப்பு வந்துவிட்டதா என்று யாருக்கும் தெரியாது. பிரித்ததைப் படத்தில் பார்த்தே வாங்கலாம். அக்ரிலிக் பெட்டியில் அடைத்து, தரத்துக்கு மதிப்பெண் போட்டுத் தரும் நிறுவனங்கள் அமெரிக்காவில் உண்டு. அந்த மதிப்பெண்ணுக்குப் புதியவர்கள் பணம் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

7. வீடு வந்து சேரும் விலையைக் கணக்கிடுங்கள்

திரையில் பார்க்கும் விலை பாதிக் கதைதான். உதாரணத்துக்கு, பொம்மை 9,000 யென் என்று வைத்துக்கொள்வோம். இடைத்தரகுச் சேவைக் கட்டணம் 500, விற்பவரிடமிருந்து அவர்கள் கிடங்குக்கு 800, அங்கிருந்து இந்தியாவுக்கு 4,000. ஆக 14,300 யென். இன்னும் சுங்கம் வரவில்லை. அட்டையில் கட்டினால் வங்கி அந்நியச் செலாவணிக்கென்று பெரும்பாலும் 2 முதல் 3.5 சதவீதம் வரை சேர்க்கும், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. வேறு.

சுங்கம் பொம்மையின் விலைக்கு மட்டும் அல்ல. அனுப்புச் செலவு, காப்பீடு எல்லாம் சேர்த்த தொகைக்குப் போடுவார்கள். அடிப்படைச் சுங்க வரி, அதன்மேல் கூடுதல் வரி ஏதும் இருந்தால் அது, எல்லாவற்றுக்கும் மேல் இறக்குமதிக்கான ஐ.ஜி.எஸ்.டி. என்று அடுக்கடுக்காக ஏறும். கூரியர் நிறுவனம் தன் கையாளும் கட்டணத்தையும் சேர்க்கும். பொம்மைக்கும் தனிநபர் இறக்குமதிக்கும் உரிய விகிதங்களைப் பட்ஜெட்டுகளில் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். பழைய கட்டுரைகளில் பார்த்த சதவீதத்தை நம்பாமல், வாங்கும் வாரத்தில் கூரியர் நிறுவனத்திடமே கேளுங்கள். எல்லாம் சேர்ந்து திரையில் பார்த்த விலையின் இரண்டு மடங்கை நெருங்கினால் ஆச்சரியப்பட வேண்டாம்.

அனுப்பும் முறையில்தான் நிறையப் பேர் பணத்தை விடுகிறார்கள். டி.எச்.எல்., ஃபெடெக்ஸ் போன்றவை உண்மை எடை, கன அளவு எடை இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்டணம் போடும். கன அளவு எடை என்பது நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுப்பது. 35, 30, 25 சென்டிமீட்டர் பெட்டி என்றால் 5.25 கிலோ. உள்ளே இருப்பது ஒன்றரைக் கிலோகூட இருக்காது! ஜப்பான் அஞ்சலின் விரைவுச் சேவையான இ.எம்.எஸ். உண்மை எடைக்குத்தான் கட்டணம் போடுகிறது. பெரிய பெட்டி, லேசான பொம்மை என்றால் இ.எம்.எஸ். விலையைக் கட்டாயம் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கிடங்கில் இலவசமாக வைத்திருக்கும் நாள்களுக்கு எல்லை உண்டு. இரண்டு பொம்மைகளைச் சேர்த்து அனுப்பச் சொல்வதாக இருந்தால் முதலாவது வந்த தேதியிலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள்.

8. காகிதங்களைத் தயாராக வையுங்கள்

பார்சல் கிளம்பும் முன்பே இவை ஒரே கோப்பில் இருக்க வேண்டும்: கே.ஒய்.சி.க்கு ஆதார் அல்லது பாஸ்போர்ட், பான் அட்டை, கொள்முதல் பில், பணம் கட்டியதற்கான வங்கிக் கணக்கு விவரம், விளம்பரப் பக்கத்தின் ஸ்க்ரீன்ஷாட். ஏலம் முடிந்ததும் சில பக்கங்கள் மறைந்துவிடும், அதனால் ஸ்க்ரீன்ஷாட்டை அன்றே எடுத்துவிடுங்கள்.

தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது: இனிஷியல். ஆதாரில் பெயருக்குப் பின்னால் ஒரு எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, கூரியர் சீட்டில் இனிஷியலே இல்லாமல் என்று மூன்றும் மூன்று விதமாக இருந்தால் கே.ஒய்.சி. நின்றுவிடும். என் பார்சல் ஒன்று இப்படித்தான் பல நாள் விமான நிலையத்திலேயே கிடந்தது. எந்த அடையாள அட்டையைக் கொடுக்கப் போகிறீர்களோ, அதில் உள்ளபடியே எழுத்து மாறாமல் முகவரிப் பெயரைப் பதிவு செய்யுங்கள். ஜப்பான் சேவையில் கணக்கு தொடங்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும்; பார்சல் கிளம்பிய பிறகு மாற்ற முடியாது.

அடுத்தது பி.ஐ.எஸ்., அதாவது இந்தியத் தர நிர்ணய அமைவனம். 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் பொம்மைகளுக்குத் தர முத்திரை கட்டாயம். இந்த ஆணை 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் விளையாடும் பொருள்களுக்கானது. எஸ்.எச். மான்ஸ்டர்ஆர்ட்ஸ் பெட்டியில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்றே அச்சிட்டிருக்கும். அதிகாரி கேட்டால் காட்ட, அந்த வரி தெரியும் படம் உங்களிடம் இருக்கட்டும். பொருள் விவரத்தில் வெறுமனே பொம்மை என்று எழுதாமல், பெரியவர்களுக்கான சேகரிப்பு உருவம், ஒன்று, சொந்த உபயோகத்துக்கு என்று எழுதச் சொல்லுங்கள். ஒரே பொம்மையில் இரண்டு மூன்று வாங்கினால் வியாபாரத்துக்கு என்று சந்தேகம் வரும்.

"பரிசு என்று போட்டுவிடுகிறேன்", "விலையைக் குறைத்துக் காட்டுகிறேன்" என்று சில விற்பனையாளர்கள் தாமாகவே சொல்வார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பரிசுகளுக்கு இருந்த 5,000 ரூபாய் வரிச் சலுகையை 2019 டிசம்பரிலேயே எடுத்துவிட்டார்கள். குறைத்துக் காட்டிய விலையை அதிகாரி நம்பாவிட்டால் அபராதம் உங்களுக்குத்தான். வழியில் உடைந்தாலும் குறைத்துக் காட்டிய தொகைக்குத்தான் இழப்பீடு.

இ.எம்.எஸ்.இல் வருவது வெளிநாட்டு அஞ்சல் அலுவலகத்தில் சுங்கம் முடிந்து, வரியை வீட்டுக்கு வரும் தபால்காரரிடம் கட்டும்படி வரும். கூரியரில் வேகம் அதிகம், ஆனால் கே.ஒய்.சி. மின்னஞ்சல் வந்த அன்றே பதில் போடாவிட்டால் அந்த வேகம் எல்லாம் போய்விடும். தாமதத்துக்குக் கிடங்கு வாடகையும் ஏறும். ஸ்பேம் பெட்டியையும் தினமும் பாருங்கள்.

9. பார்சல் வந்ததும்

ஒட்டிய டேப்பை வெட்டுவதற்கு முன்பே வீடியோவை ஓடவிடுங்கள். பெட்டியின் ஆறு பக்கமும், முகவரிச் சீட்டும் தெரிய வேண்டும். வெட்டாமல் ஒரே வீடியோவாக, பொம்மையை வெளியே எடுத்துப் பாகங்களைப் பட்டியலோடு ஒப்பிடும் வரை எடுங்கள். புகார் கொடுக்கும்போது இது ஒன்றுதான் பேசும்.

மூட்டுகளை உடனே அசைக்காதீர்கள். புதியதோ பழையதோ, நிறப்பூச்சு மூட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த இறுக்கத்தில் பலம் கொடுத்துத் திருப்பினால் உள்ளே உள்ள முளை முறிந்துவிடும். ஹேர் டிரையரில் மிதமான சூடு காட்டுங்கள், அல்லது அந்தப் பகுதியை வெந்நீரில் பிடியுங்கள். பிறகு முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்தால் தானாக விடும். கொதிக்கும் நீர் வேண்டாம், நிறம் கிளம்பிவிடும்.

ஒவ்வொரு மூட்டாக அசைத்துப் பார்த்து, நிற்க வைத்து, ஓரிரு நாள் அப்படியே விட்டு, மெதுவாகச் சாய்கிறதா என்று கவனியுங்கள். கணுக்கால் தளர்ந்திருந்தால் இதில்தான் தெரியும். குறை தெரிந்தால் படத்தோடு உடனே எழுதுங்கள். புகாருக்கான கெடு சேவைக்குச் சேவை மாறும், சிலவற்றில் மிகக் குறைவு.

வைக்கும் இடத்தில் நேர் வெயில் படக்கூடாது. பெட்டிக்குள் பூச்சி வராமல் இருக்க அந்துருண்டை போடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. பொம்மைப் பெட்டிக்குள் மட்டும் போடாதீர்கள், அதன் ஆவி பிளாஸ்டிக்கைக் கெடுக்கும். ஈரத்துக்குச் சிலிக்கா ஜெல் பொட்டலம் போதும். மழைக்காலத்தில் மாற்றிக்கொண்டே இருங்கள். வெளியே வந்த அட்டைப் பெட்டியையும் உள்ளே இருந்த குமிழித் தாளையும் புகார்க் கெடு முடியும் வரை பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். அஞ்சலில் சேதத்துக்கு இழப்பீடு கேட்டால் பொம்மையோடு அந்தப் பெட்டியையும் காட்டச் சொல்வார்கள்.